சாண்டா ஃபே போனோம்: மண் சுவரு, சுட்ட மிளகா, அம்மாவோட கொலு

செப்டம்பர் கடைசில நியூ மெக்ஸிகோல இருக்கற சாண்டா ஃபேக்கு மூணு நாள் போயிட்டு வந்தோம். நான், வீட்டுக்காரர், 9 வயசு பொண்ணு, ஊர்லேர்ந்து வந்திருக்கற எங்கம்மா. ஆளாளுக்கு எப்டி இருந்துச்சுனு கேக்கறதால ஒரே தடவையா எழுதிடறேன். மொதல்லயே சொல்லிடறேன், பீச், அருவி, ரோலர் கோஸ்டர்னு நெனச்சு போறவங்களுக்கு இந்த ஊரு செட் ஆகாது. மலை மேல ஒரு பாலைவனம், மண் கலர்ல வீடுங்க, கைவேலை பண்றவங்க, மியூசியம், மிளகா, அவ்ளோதான். ஆனா எங்கம்மா அமெரிக்கா வந்து பாத்த ஊர்லயே இதப்பத்திதான் போன்ல எல்லார்ட்டயும் பேசிட்டு இருக்காங்க, நயாகராவே அதுக்கப்புறம்தான்.

ஹூஸ்டன்லேர்ந்து ஆல்புகர்க்கிக்கு ஃப்ளைட், அங்கேர்ந்து வாடகை கார்ல வடக்க ஒரு மணி நேரம். கார் ஓட்ட வேணாம்னா ரெயில் ரன்னர்னு ஒரு ட்ரெயினும் இருக்கு. ஊரு 7,000 அடி உயரத்துல இருக்கு, அமெரிக்காவுல இவ்ளோ உயரத்துல வேற எந்த மாநிலத்துக்கும் தலைநகரம் கிடையாது. கிட்டத்தட்ட ஊட்டி உயரம்தான், ஆனா ஊட்டியோட ஈரம் ஒரு சொட்டு கூட இல்ல. கடல் மட்டத்துலேர்ந்து போன எங்களுக்கு மொத நாளே வேலைய காட்டிடுச்சு, ரெண்டு மாடி ஏறினதுக்கே மூச்சு வாங்குது, அம்மாவுக்கு ராத்திரி தலைவலி, பொண்ணுக்கு உதடு வெடிச்சு எரியுதுனு அழுகை. தேங்கா எண்ணெய் பாட்டில் எடுத்துட்டு போனது எவ்ளோ நல்லதா போச்சுனு அன்னிக்குதான் தெரிஞ்சுது. பெரியவங்கள கூட்டிட்டு போனா மொத நாள் எந்த ப்ளானும் போடாதீங்க, தண்ணி குடிச்சுட்டு ஊர் நடுவுல இருக்கற பிளாசாங்கற சதுக்கத்துல ஒரு பெஞ்சுல உக்காருங்க, போதும்.

ஹோட்டல் பேர் வேணாம். பிளாசாவுக்கு நடக்கற தூரம்னு அநியாய வாடகை. வெப்சைட்ல ரூம் மூலைல தேன்கூடு மாதிரி வளைஞ்ச மண் அடுப்பு, கிவா ஃபயர்ப்ளேஸ்னு சொல்றாங்க, அதுல கட்டை எரியற மாதிரி அழகா போட்டோ போட்டிருந்தாங்க. அத பாத்துதான் புக் பண்ணேன். போய் பாத்தா அடுப்பு இருக்கு, உள்ள மூணு மெழுகுவத்தி, அதுவும் பேட்டரில எரியுது. கேட்டா போட்டோல இருக்கறது வேற கேட்டகிரி ரூமாம். பில்லுல தனியா ரிசார்ட் ஃபீ வேற. ஊருக்கு கொஞ்சம் வெளிய செரியோஸ் ரோடு பக்கம் சாதா ஹோட்டலா எடுங்க, கார்ல 10 நிமிஷம்தான்.

ஊரு மொத்தமும் மண் கலர்னு சொன்னேன்ல, அது ஏதோ தற்செயலா இல்ல. வைக்கோல் கலந்த களிமண்ண கல்லா அறுத்து வெயில்ல காயவெச்சு கட்டறதுக்கு பேரு அடோபி, சூளைல சுடறதே கிடையாது. 1957ல ஒரு சட்டம் போட்டு, பழைய ஊருக்குள்ள எது கட்டினாலும் அந்த ஸ்டைல்லதான் இருக்கணும்னு சொல்லிட்டாங்க, அதனால பார்க்கிங் கட்டடம் கூட மண்ணுல புடிச்சு வெச்ச மாதிரி மொழுமொழுனு நிக்குது. எங்க வீட்டுக்காரருக்கு சந்தேகம் வந்துடுச்சு, போற எடத்துல எல்லாம் சுவத்த தட்டி பாக்கறாரு. டொக் டொக்னு உள்ள காலி சத்தம் கேட்டா மரச்சட்டம் போட்டு மேல ப்ளாஸ்டர் அடிச்சது, சத்தமே வராம கை வலிச்சா நெஜ அடோபி. பாதிக்கு மேல டொக் டொக்தான். அம்மா மட்டும், "நம்ம ஊர்ல மண் வீட்ட இடிச்சு காங்கிரீட் போடறோம், இங்க காங்கிரீட்ட மறைச்சு மண் பூசறாங்க, ரெண்டு பேர்ல யாருடி புத்திசாலி"னு கேட்டாங்க.

இப்ப முக்கியமான எடத்துக்கு வரேன். பிளாசாவோட வடக்கு பக்கம் கவர்னர் மாளிகை, 1610ல ஸ்பானியர்கள் ஆரம்பிச்சது, பேருதான் மாளிகை, நீளமா ஒரு ஒத்த மாடி கட்டடம். அதோட தாழ்வாரத்துல சுவர் ஓரமா போர்வை விரிச்சு வரிசையா பூர்வகுடி ஆளுங்க உக்காந்து விப்பாங்க, வெள்ளி, டர்க்வாய்ஸ் கல்லு, மண் பானை, பாசி மாலை. யார் வேணா போய் உக்காந்துட முடியாது, அவங்களோ அவங்க வீட்டாளுங்களோ கையால செஞ்சதாதான் இருக்கணும், பொருள்ல செஞ்சவங்க முத்திரை இருக்கணும், தெனமும் காலைல சீட்டு குலுக்கிதான் எடம் குடுப்பாங்க. இதே கட்டடத்த 1680ல இந்தப் பக்கத்து பூர்வகுடிங்களான பொவேப்லோ மக்கள் எல்லாம் சேந்து ஸ்பானியர்கள தொரத்திட்டு 12 வருஷம் கையில வெச்சிருந்தாங்க. அது தெரிஞ்சு அந்த தாழ்வாரத்துல நடக்கறப்ப, கீழ உக்காந்திருக்கறவங்ககிட்ட குனிஞ்சு பேசறதே ஒரு மாதிரி இருந்துச்சு, அம்மா நேரா தரையிலயே உக்காந்துட்டாங்க.

அங்கதான் அந்த பொம்ம கெடச்சுது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மண் தாத்தா, கண்ண மூடிட்டு வாய திறந்துட்டு இருக்காரு, தோள்ல, மடியில, கைல எல்லாம் குட்டி குட்டியா பேரப்பசங்க தொத்திட்டு இருக்காங்க, ஒன்னு காத புடிச்சு தொங்குது. கத சொல்ற தாத்தாவாம், ஸ்டோரிடெல்லர்னு பேரு. அம்மா கைல எடுத்தவங்க கீழ வைக்கல. "கொறச்சு கேளுடி"னு தமிழ்ல முழங்கையால இடிக்கறாங்க. செஞ்சு வித்துட்டு இருந்த அம்மாவுக்கு பாஷை புரியலனாலும் விஷயம் புரிஞ்சிடுச்சு போல, சிரிச்சுகிட்டே பொம்மய திருப்பி அடியில இருக்கற அவங்க குறிய காட்டி, எந்த பசங்கள மொதல்ல ஒட்டினேன், எது சுடறப்ப உடைஞ்சு திரும்ப செஞ்சேன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. அதுக்கப்புறம் பேரம் பேச எனக்கு வாய் வரல. 140 டாலர். அங்க பேரம் பேசாதீங்க, புடிச்சா வாங்குங்க, இல்லனா பாத்துட்டு நன்றி சொல்லிட்டு வாங்க.

மறுநாள் மியூசியம் ஹில்ல இருக்கற சர்வதேச நாட்டுப்புறக் கலை மியூசியம் போனோம். அங்க ஜிரார்ட் பகுதினு ஒரு பெரிய ஹால். அலெக்சாண்டர் ஜிரார்ட்னு ஒரு டிசைனர், இதே ஊர்ல குடியிருந்தவரு, 100 நாட்டுக்கு மேலேர்ந்து பொம்மை, கைவேலைனு சேத்து, லட்சத்துக்கு மேல இருந்த அத்தனையையும் மியூசியத்துக்கே குடுத்துட்டாரு. அதுல ஒரு 10,000 பொம்மைய 1982லேர்ந்து அவரே அடுக்கின மாதிரியே வெச்சிருக்காங்க. மெக்ஸிகோ கல்யாணம், ஏதோ ஒரு ஊர் சந்தை, ஊர்வலம், குட்டி ரயில், இயேசு பொறந்த குடில் வித விதமா, இந்தியாவுலேர்ந்து போன பொம்மைங்களும் நடுவுல நிக்குது. உள்ள நுழைஞ்சு நாலடி வெச்சதும் அம்மா நின்னுட்டாங்க. "இது கொலு தானடி."

நெஜமாவே கொலுதான். அதே மாதிரி கூட்டம் கூட்டமா வெச்சிருக்காங்க, ஓரத்துல பார்க்கு, நடுவுல ஊரு, மேல தேவதைங்க, எங்க மூங்கில் பெட்டில இருக்கற செட்டியாரும் செட்டிச்சியும் மட்டும்தான் இல்ல. எந்த பொம்ம பக்கத்துலயும் பேர் எழுதி ஒட்டல, அது ஜிரார்டே வேணும்னே பண்ணதாம், வேணும்னா கைல ஒரு புக்லெட் எடுத்துட்டு நம்பர் பாத்து தேடிக்கலாம். மொதல்ல எனக்கு எரிச்சலா இருந்துச்சு, அப்புறம்தான் புரிஞ்சுது, எழுதி வெச்சிருந்தா எழுத்தத்தான் படிச்சிருப்பேன், பொம்மைய பாத்திருக்க மாட்டேன். அந்த வருஷம் ஊர்ல இல்லாததால கொலு வைக்கலனு அம்மாவுக்கு மனசுல ஒரு கொற இருந்துச்சு, ரெண்டரை மணி நேரம் அங்கேர்ந்து நகரல, முழங்கால் வலியெல்லாம் எங்க போச்சோ.

அங்க ஒரு வாலண்டியர் பாட்டிகிட்ட நாங்க வாங்கின தாத்தா போட்டோவ காட்டினேன். அவங்க சொன்ன கதைய அப்புறம் நானும் தேடி படிச்சேன். கொச்சிட்டி பொவேப்லோங்கற பூர்வகுடி ஊர்ல ஹெலன் கோர்டேரோனு ஒருத்தங்க சின்ன சின்ன மண் உருவம் செஞ்சு வித்துட்டு இருந்திருக்காங்க, அத வாங்கின இந்த ஜிரார்ட்தான் பெருசா ஒன்னு, மேல குழந்தைங்க இருக்கற மாதிரி செஞ்சு குடுங்கனு கேட்டிருக்காரு. அந்தம்மாவுக்கு கத சொல்ற தன்னோட தாத்தா ஞாபகம் வந்து 1964ல செஞ்சதுதான் மொத ஸ்டோரிடெல்லர். நேத்து வாங்கின பொம்மையோட கத இன்னிக்கு நிக்கற ஹாலுக்கே வந்து முடியும்னு யாரு கண்டா.

மத்ததெல்லாம் சீக்கிரமா. லொரெட்டோ சர்ச்ல 33 படி இருக்கற சுழல் படிக்கட்டு, நடுவுல தூணே இல்லாம ரெண்டு முழு சுத்து சுத்தி மேல போகுது, ஏற விடமாட்டாங்க, பாத்துட்டு வர 15 நிமிஷம். கேன்யன் ரோடு முழுக்க கேலரி, விலை பாத்தா நம்ம கார் விலை, ஆனா சும்மா நொழைஞ்சு பாத்தாலும் யாரும் முகம் சுளிக்கல. ஜார்ஜியா ஓ'கீஃப்ங்கற ஓவியரோட மியூசியம் சின்னதுதான், பாத்துட்டு வெளிய வந்தா அங்க இருக்கற மலையெல்லாம் அவங்க வரைஞ்ச மாதிரியே தெரியும், அதுக்காகவே போகலாம். மியாவ் வுல்ஃப்னு பழைய பௌலிங் கூடத்துல 2016ல தொறந்த ஒரு மாய வீடு, ஃப்ரிட்ஜ் கதவ தொறந்து உள்ள நடந்து போனா வேற உலகம், என் பொண்ணு வெளிய வரமாட்டேன்னு ஒரே அடம். லைட்டும் சத்தமும் பெரியவங்களுக்கு ஒத்துக்காது, அம்மா வாசல்ல இருக்கற பெரிய ரோபோ சிலை நிழல்ல உக்காந்து காரப்பொரி சாப்ட்டாங்க.

சாப்பாடு. எங்க உக்காந்தாலும் மொத கேள்வி "ரெட் ஆர் க்ரீன்?" எந்த மிளகா சாஸ்னு அர்த்தம், இத மாநிலத்தோட அதிகாரபூர்வ கேள்வியாவே அறிவிச்சிருக்காங்க. ரெண்டும் வேணும்னா "கிறிஸ்துமஸ்"னு சொல்லணும். சைவம் சாப்பிடறவங்க உஷார், சாஸ்ல பன்னிக்கறி, பீன்ஸ்ல பன்னிக் கொழுப்பு இருக்கலாம். ஒரு எடத்துல வெஜிடேரியன்னு சொல்லி வெச்சுட்டு, பாதி சாப்ட்டப்புறம் வந்து சாரி சொன்னாங்க, அம்மா அன்னிக்கு ராத்திரி வெறும் பால். அந்த பன்னிக் கொழுப்புக்கு பேரு லார்ட், தெளிவா "லார்ட் இருக்கா"னு கேட்டுட்டு சாப்பிடுங்க. ப்ளூ கார்ன் என்சிலாடா, அதாவது மிளகா சாஸ் ஊத்தின நீல சோள ரொட்டி, கெடச்சா விடாதீங்க. சோப்பாப்பியானு பூரி மாதிரி உப்பி வரும், ஒரு மூலைய பிச்சு உள்ள தேன ஊத்தி சாப்பிடணும்.

சனிக்கிழமை ரெயில்யார்டு சந்தைல கம்பி வலை உருளைல பச்ச மிளகாய கொட்டி கேஸ் தீயில சுத்தி சுடறாங்க, தோலு கருகி படபடனு வெடிச்சு பறக்குது, கொத்சுக்கு கத்திரிக்கா சுடற அதே வாசன, கூட கொஞ்சம் காரம். அரை பை வாங்கிட்டு வந்து தோல் உரிச்சு ஃப்ரீசர்ல போட்டு வெச்சிருக்கேன், கொத்சு, தயிர்பச்சடி ரெண்டுக்கும் அள்ளுது.

பொம்ம வாங்கினா மட்டும் செக்-இன் பெட்டில போடாதீங்க. அம்மா தாத்தாவ ஒரு பழைய காட்டன் புடவைல சுத்தி ஆல்புகர்க்கிலேர்ந்து மடியிலயே வெச்சுட்டு வந்தாங்க, ஏர்போர்ட் ஸ்கேன் பெல்ட்டுல விட சொன்னப்ப மட்டும் அந்த ஆபிசர்கிட்ட தமிழ்லயே, "பாத்துப்பா, புள்ளைங்க இருக்கு".