அதே நம்பரோடு வேறு செல்போன் நிறுவனத்துக்கு மாற போர்ட் போட்டதும் ‘உங்களுக்கு மட்டும் ஸ்பெஷல் ஆஃபர்’ என்று போன் வரும். நம்பிக் காசு கட்டாதீர்கள்!

கோபம் ஆறிய பிறகு எழுதினால் பாதி விட்டுப்போகும், அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். 3,240 ரூபாய் போச்சு. ஏமாற்றியது முகம் தெரியாத கும்பல் இல்லை, ஒரு பெரிய செல்போன் நிறுவனம். பணம் கட்டியது அவர்களுடைய சொந்த ஆப்பில். ரசீது கையில் இருக்கிறது. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் போடவில்லை.

வீட்டுக்குள் டவரே சரியாகக் கிடைப்பதில்லை. முக்கியமான கால் பேச மொட்டை மாடிக்கு ஓட வேண்டும். பொறுத்துப் பார்த்துவிட்டு, வேறு நிறுவனத்துக்கு மாறிவிடலாம் என்று 1900க்கு போர்ட் மெசேஜ் அனுப்பினேன். மாறுவதற்கான கோடு எண் வந்தது. கோடு வந்த சூட்டோடு போனும் வந்தது.

பேசிய பெண் அவ்வளவு பணிவு. எத்தனை வருடமாக இந்த நம்பர் வைத்திருக்கிறேன், வழக்கமாக என்ன பேக் போடுவேன், தினசரி டேட்டா சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடுகிறது என்பது வரை நான் சொல்லாமலே சொன்னார். “அம்மா நம்பருக்கும் நீங்கதானே சார் ரீசார்ஜ் போடுறீங்க?” என்று கேட்டார். அந்த இடத்தில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. இவ்வளவும் வெளியாளுக்குத் தெரிய வழியில்லை, உண்மையிலேயே நிறுவனத்திலிருந்துதான் பேசுகிறார்கள் என்று நினைத்தேன். நிறுவனத்திலிருந்துதான் பேசினார்கள். கொடுமையே அதுதான்.

சொன்ன ஆஃபர் இது. 3,240 ரூபாய்க்கு ஒரு வருட பேக். அதோடு அம்மா நம்பருக்கு வருடம் முழுக்க இலவச கால். டவர் பிரச்சினையைப் பார்க்க அந்த வாரமே ஆள் வருவார். “ஆப்ல இந்த ஆஃபர் காட்டாது சார். உங்க நம்பருக்கு மட்டும் நாங்க உள்ள போட்டுவிட்டிருக்கோம். நீங்க 3,240 பேக்கைப் போடுங்க, மத்ததெல்லாம் தானா ஆக்டிவேட் ஆகும்.” எழுத்தில் அனுப்பச் சொன்னேன். “பணம் கட்டுன உடனே மெசேஜ் வந்துரும் சார்.” கட்டினேன். பேக் ஏறியது. அந்த மெசேஜ் இன்று வரை வரவில்லை. போர்ட் கோடு நான்கு நாளில் காலாவதியாகிவிட்டது. டவர் பார்க்க யாரும் வரவில்லை.

அம்மா ஊரில் தனியாக இருக்கிறார். இலவச கால்தான் வந்துவிடுமே என்று அவருக்குத் தனியாக ரீசார்ஜ் போடவில்லை. பழைய பேக் முடிந்ததும் அவுட்கோயிங் நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுப் போனிலிருந்து கூப்பிட்டு, “ஏம்ப்பா, எம் போன்ல யாருக்கும் கால் போகலையே, கெட்டுப்போச்சா?” என்று கேட்டார். எனக்கு ரத்தம் கொதித்தது. ராத்திரியில் அவருக்கு ஒன்று ஆகியிருந்தால் என்னை எப்படிக் கூப்பிட்டிருப்பார்?

பிறகு ஆரம்பித்தது அலைக்கழிப்பு. கஸ்டமர் கேரில், “அப்படி ஒரு ஆஃபரே சிஸ்டத்துல இல்ல சார்.” உங்கள் ஆள்தானே பேசினார் என்றால், “அது வேற டீம் சார்.” அந்த டீமுக்கு இணைப்புக் கொடுங்கள் என்றால், “அவங்கதான் கூப்பிடுவாங்க, நாம கூப்பிட முடியாது.” தரத்துக்காக உரையாடல் பதிவு செய்யப்படுகிறது என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறீர்களே, அந்தப் பதிவை எடுத்துக் கேளுங்கள் என்றேன். “அதெல்லாம் வெளிய கொடுக்க மாட்டோம் சார்.” ஷோரூமில் இருந்த பையன் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, “போன்ல சொன்னதுக்கு நாங்க பொறுப்பு இல்லண்ணா” என்றான். ஆப் சாட்டில் எழுதினால், “தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்” என்று ஒரு வரி வரும், அடுத்த நிமிடம் புகார் தீர்க்கப்பட்டது என்று மூடிவிடுவார்கள். எதைத் தீர்த்தீர்கள்?

பணத்தைத் திருப்பிக் கேட்டால், ஆக்டிவேட் ஆன பேக்குக்கு ரீஃபண்ட் கிடையாதாம். அப்படியானால் போர்ட் போட்டுப் போகிறேன் என்றேன். “தாராளமா போங்க சார், ஆனா மீதி வேலிடிட்டி கிடைக்காது.” நன்றாகக் கவனியுங்கள். போகிறவனைப் பிடித்து ஒரு வருடத்துக்குக் கட்டிப்போடத்தான் அந்த ஆஃபரே. 3,240 ரூபாய் உள்ளே மாட்டிக்கொண்டது. இருந்தால் டவர் இல்லை, போனால் பணம் இல்லை.

இதன் பிறகுதான் இவர்கள் விலை வைக்கும் முறையைத் தேடிப் படித்தேன். ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரரும் இதே நிறுவனம்தான். அவருடைய ஆப்பில் ‘உங்களுக்காக’ என்ற பகுதியில் இருக்கும் சலுகை என் ஆப்பில் இல்லை. நீங்கள் எவ்வளவு பேசுகிறீர்கள், எப்போது ரீசார்ஜ் போடுகிறீர்கள், போர்ட் கேட்டீர்களா என்று பார்த்து ஆளாளுக்கு ஒரு விலை. இப்படி ஒரு பிரிவினருக்கு மட்டும் தரும் சலுகைகளையும் தன்னிடம் தெரிவிக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018இல் உத்தரவு போட்டது. நிறுவனங்கள் தொலைத்தொடர்புத் தீர்ப்பாயத்துக்குப் போய் அதை ரத்து செய்ய வைத்தன. 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம், டிராய் கேட்கும் விவரத்தைக் கொடுங்கள் என்றது. ஆனால் டிராய் அதை ரகசியமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னது. ஆகமொத்தம், அடுத்தவருக்கு என்ன விலை என்பது காசு கட்டுகிற நமக்குத் தெரியாது.

28 நாள் பேக்கும் இதே கணக்குதான். மாதம் ஒரு ரீசார்ஜ் என்று நாம் நினைக்கிறோம், வருடத்துக்கு 13 தடவை கட்டுகிறோம். 30 நாள் பேக் ஒன்றும், மாதாமாதம் அதே தேதியில் புதுப்பிக்கும் பேக் ஒன்றும் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்று 2022இலேயே விதி வந்துவிட்டது. கடையில் போய் நின்றால் யாராவது அதை எடுத்துக் காட்டுகிறார்களா? அம்மா வைத்திருப்பது பட்டன் போன். அவருக்கு டேட்டா எதற்கு? பேசவும் மெசேஜ் அனுப்பவும் மட்டும் தனி பேக் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் விதி போட்டது. அதன்படி பேக் இருக்கத்தான் இருக்கிறது, ஆப்பில் அடியாழத்தில். இத்தனை காலமும் அவர் தொடாத டேட்டாவுக்கு நான் பணம் கட்டிக்கொண்டிருந்தேன். யாருக்கு எது தேவை என்று இவ்வளவு துல்லியமாகத் தெரிந்தவர்களுக்கு இது மட்டும் தெரியாதாம்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

போர்ட் கோடு வந்துவிட்டால் பழைய நிறுவனத்தின் போனை எடுக்காதீர்கள். எடுத்தாலும், ஆஃபர் மெசேஜாக வராமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். ‘ஆப்ல காட்டாது’ என்று சொன்னால் அந்த நொடியே வைத்துவிடுங்கள். டவர் சரியில்லாத நெட்வொர்க்கில் வருட பேக் போடவே போடாதீர்கள். வீட்டில் பெரியவர்கள் பட்டன் போன் வைத்திருந்தால் பேச்சுக்கு மட்டுமான பேக்கைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

புகாரை 198இல் போடுங்கள். டாக்கெட் நம்பர், அதாவது புகார் எண், வாங்காமல் போனை வைக்காதீர்கள். 121 தகவல் கேட்கும் எண், புகாருக்கானது இல்லை, என்னை அங்கேதான் சுற்ற விட்டார்கள். பதில் திருப்தி இல்லை என்றால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவுக்கு எழுதலாம், கட்டணம் கிடையாது. டிராய்க்கு நேராக எழுதிக் காத்திருக்காதீர்கள், தனி ஆளின் புகாரை அவர்கள் விசாரிப்பதில்லை. நுகர்வோர் நீதிமன்றம் போகலாம். தொலைபேசி வழக்கை அங்கே நடத்தலாம் என்று 2022இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

என் டாக்கெட் நம்பர் வந்துவிட்டது. மேல்முறையீடும் எழுதிவிட்டேன். 3,240 ரூபாயும் திரும்ப வர வேண்டும், அந்தப் பெண் பேசிய பதிவையும் எடுத்து வைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். இதே மாதிரி போன் உங்களுக்கும் வந்திருந்தால் என்ன சொன்னார்கள், எவ்வளவு கட்டச் சொன்னார்கள் என்று கீழே எழுதுங்கள், நுகர்வோர் நீதிமன்றம் போக வேண்டி வந்தால் உதவும்.