கருப்பைப் புற்று அடங்கிய பிறகு: இயற்கையாக முயல்வதா, ஐவிஎஃப்புக்குப் போவதா?

மாதக்கணக்கில் மெஜெஸ்ட்ரால் மாத்திரை எடுத்தோ, கருப்பைக்குள் ஹார்மோன் லூப் வைத்தோ காத்திருந்த பெண்ணுக்கு, 'புற்றுத் திசு இல்லை' என்று பயாப்ஸி முடிவு வரும் நாளில்தான் மூச்சே வரும். தசைக்குள் இறங்காத, மெதுவாக வளரும் வகையான கிரேடு 1 கருப்பை உட்படலப் புற்று. கருப்பையை எடுக்காமல், புரோஜெஸ்டிரோன் ஹார்மோனைப் போல வேலை செய்யும் அந்தப் புரோஜெஸ்டின் மருந்தாலேயே அடக்கியாயிற்று. சரி, குழந்தைக்கு எந்த வழியில் போவது? இயற்கையாகவா, முட்டையை எடுத்து வெளியே கருவாக்கி வைக்கும் ஐவிஎஃப்பா?

இயற்கையாக முயன்று பார்ப்போம் என்றுதான் பலருக்கும் தோன்றும். உடம்பு ஏற்கனவே நிறைய மருந்து பார்த்துவிட்டது, அந்த ஆசை நியாயமானது. மாதவிடாய் ஒழுங்காக வருகிற, வயது குறைந்த, கணவரின் விந்தணுப் பரிசோதனையும் நன்றாக இருக்கிற பெண் சில மாதங்கள் முயலலாம். ஆனால் இந்தப் புற்று வரும் இளம்பெண்களில் நிறைய பேருக்குப் பிசிஓஎஸ் என்ற சினைப்பைக் கோளாறோ உடல் பருமனோ இருக்கும். அவர்களுக்கு முட்டை சரியாக வெளிவருவதில்லை. முட்டை வராத மாதத்தில் புரோஜெஸ்டிரோன் சுரக்காது. ஈஸ்ட்ரோஜன் மட்டும் தனியாக நின்று உட்படலத்தை வளர்க்கும். நோய்க்கு முதலில் இடம் கொடுத்ததே அந்த நிலைதான். அதனால் 'சும்மா காத்திருந்தால் என்ன கெட்டுவிடும்' என்பது இங்கே பொருந்தாது.

2012-ல் வெளியான, 34 ஆய்வுகளைச் சேர்த்த ஒரு தொகுப்பாய்வு இதை எண்ணில் காட்டியது. புற்று இருந்தவர்களில் சுமார் 76% பேருக்கு நோய் அடங்கியது. ஏறக்குறைய 40% பேருக்குத் திரும்பவும் வந்தது. உயிருடன் குழந்தை பிறந்தது, ஐவிஎஃப் போன்ற உதவி முறைகளில் 39.4%, இயற்கையாக 14.9%. இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பெண்கள் இல்லை என்பதால் இதை நேர் போட்டியாக எடுக்கக் கூடாது. இருந்தாலும் இடைவெளி பெரிது.

நடுவில் ஒரு வழி உண்டு: லெட்ரோசோல் மாத்திரை கொடுத்து முட்டையை வரவைத்து ஐயூஐ செய்வது, அதாவது விந்தணுவை நேராகக் கருப்பைக்குள் செலுத்துவது. எளிது, செலவும் குறைவு. இரண்டு மூன்று சுழற்சிகளுக்கு மேல் இதில் நிற்கக் கூடாது என்பது என் கருத்து.

ஐவிஎஃப் என்றதும் பயம் வருவது முட்டைகளை வளர்க்கப் போடும் ஊசியால் ஏறும் ஈஸ்ட்ரோஜனை நினைத்துத்தான். சாதாரண மாதத்தில் உச்சத்தில் மில்லிலிட்டருக்குச் சில நூறு பிகோகிராமாக இருப்பது, தூண்டும்போது ஆயிரங்களைத் தாண்டலாம். இதற்கும் வழி இருக்கிறது. ஊசியோடு சேர்த்து லெட்ரோசோல் கொடுத்தால் அளவு தாழ்வாகவே இருக்கும். லூப்பை எடுக்காமலே முட்டை சேகரிக்கலாம். அல்லது முட்டை முந்தி வெடிக்காமல் தடுக்க, வழக்கமான ஊசிக்குப் பதில் புரோஜெஸ்டின் மாத்திரையையே தரலாம். அதே மாத்திரை உட்படலத்துக்கும் காவல். இந்த முறையில் கருவை உடனே வைக்க முடியாது, உறைய வைக்கத்தான் வேண்டும். கருத்தரிப்பு மருந்துகளால் நோய் திரும்புவது கூடியதாக இதுவரை வந்த ஆய்வுகள் காட்டவில்லை, ஆனால் அவை சிறிய ஆய்வுகள்.

அப்புறம் கருவை வைக்கும் கட்டம். ஸ்கேன் திரையில் டாக்டர் இரண்டு சிறு புள்ளிகளை வைத்து உட்படலத்தை அளப்பார். 7 மில்லிமீட்டரை எட்ட வேண்டும் என்று எல்லோரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். திரும்பத் திரும்பச் சுரண்டிய கருப்பையில் அது 5-லேயே நின்றுவிடுவது உண்டு. அதனால் பயாப்ஸியைக் குருட்டுத்தனமாகச் சுரண்டி எடுக்காமல், ஹிஸ்டிரோஸ்கோப் என்ற, கருப்பைக்குள் விடும் சிறு கேமராவால் பார்த்து எடுக்கச் சொல்லி ஆரம்பத்திலேயே கேட்க வேண்டும். ஈஸ்ட்ரோஜன் மாத்திரையால் படலத்தை வளர்ப்பதைவிட, முட்டை வெளிவரும் சுழற்சியில் கருவை வைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. உடம்பே புரோஜெஸ்டிரோனையும் சுரந்துவிடும்.

35 வயதைத் தாண்டியவரும் மாதவிடாய் ஒழுங்கில்லாதவரும் நேராக ஐவிஎஃப்புக்கே போகட்டும். உறைந்த கரு கையில் இருந்தால், நடுவில் நோய் திரும்பி மறுபடி மருந்து எடுக்க நேர்ந்தாலும் அந்தக் கருவுக்கு வயது ஏறாது. ஒன்று மட்டும்: கருவை வைப்பதற்கு முன் ஒரு பயாப்ஸி பார்த்துவிட வேண்டும். அந்தத் தேதியைப் புற்றுநோய் மருத்துவரும் கருத்தரிப்பு மருத்துவரும் சேர்ந்து குறிக்கட்டும்.