ஏ.டபிள்யூ.எஸ் மும்பைல பல வருஷமா ஓட்டின அனுபவம்: சர்வர் வாடகைய விட டேட்டா வெளிய போற காசுதான் பெருசு

அரசு வேலைக்குப் படிக்கிற பசங்களுக்கு ஆன்லைன் கோச்சிங் நடத்துற ஒரு சின்ன இன்ஸ்டிடியூட்டோட சர்வர் வேலைய நான்தான் பாத்துக்கிறேன். ஏ.டபிள்யூ.எஸ்ங்கறது அமேசானோட கிளவுட், அதாவது சர்வர வாடகைக்கு விடுற சேவை, அதோட மும்பை ரீஜன் (டேட்டா சென்டர் இருக்குற இடம்) வந்தது 2016 ஜூன்ல, அதுக்கப்புறம் கொஞ்ச நாள்லயே நாங்க அங்க மாறிட்டோம், இன்னைக்கு வரைக்கும் அங்கதான் ஓடுது. கிளவுடுக்குப் போலாமான்னு என்கிட்ட கேக்குறவங்க எல்லாருமே முதல்ல பாக்குறது மாச சர்வர் வாடகையத்தான், அத வச்சே இது சீப்பு அது காஸ்ட்லின்னு முடிவுக்கு வந்துடுறாங்க. இத்தன வருஷ பில்ல பாத்த வரைக்கும் சொல்றேன், உங்க டேட்டா எங்கருந்து எங்க போகுதுங்கறதுதான் செலவ முடிவு பண்ணுது.

முதல்ல நல்லத சொல்லிடுறேன். எங்களுக்கு லோடு வர்றது ஞாயித்துக்கிழமை காலைல. குரூப் 4 மாதிரியே 200 கேள்வி, 3 மணி நேரம், 9.30க்கு மாடல் டெஸ்ட் ஆரம்பிச்சா எல்லாரும் ஒரே நேரத்துல லாகின் பண்ணுவாங்க. மத்த நாள்ல சர்வர் பாதி தூக்கத்துலதான் இருக்கும். முன்னாடி வேற ஒரு இடத்துல விபிஎஸ் (ஒரே மிஷின பங்கு போட்ட வாடகை சர்வர்) வச்சிருந்தப்போ ஞாயிறு ஆனா சைட் படுத்துடும், போன் பண்ணா திங்கக்கிழமை ராம் ஏத்தித் தர்றோம்பாங்க. இங்க டி3.ஸ்மால்ங்கற சின்ன சர்வர் எடுத்தா ரெண்டு விசிபியு (விர்ச்சுவல் சிபியு), 2 ஜிபி ராம், அதோட சிபியு கிரெடிட்னு ஒரு கணக்கு. ஒரு விசிபியு முழு வேகத்துல ஒரு நிமிஷம் ஓடினா ஒரு கிரெடிட் போகும், மணிக்கு 24 கிரெடிட் உள்ள வரும், சும்மா இருந்தா சேந்துக்கிட்டே போயி 576ல நின்னுடும். இப்ப கணக்கு போடுங்க, ரெண்டு விசிபியுவும் முழுசா ஓடினா மணிக்கு 120 செலவு, 24 வரவு, அப்ப 96 குறையுது, 576 இருந்தா 6 மணி நேரம் தாங்கும், எங்க டெஸ்ட் 3 மணி நேரம்தான். கிளவுட்வாட்ச்ல (சர்வர் நிலவரம் காட்டுற டூல்) அந்த கிரெடிட் கிராஃப பாத்தா சனிக்கிழமை ராத்திரி பூரா மேல கோடு போட்ட மாதிரி நிக்கும், 9.30க்கு சரிய ஆரம்பிச்சு 12.30க்கு மறுபடி ஏறும். நம்ம லோடு இப்படி இருந்தா இதுக்கு ஈடா எதுவும் இல்லன்னு தைரியமா சொல்வேன். ஒண்ணு கவனிச்சுக்கோங்க, பழைய டி2ல கிரெடிட் தீந்தா சர்வர் அப்படியே ஸ்லோ ஆயிடும், டி3ல அன்லிமிடெட் மோட் தானாவே ஆன்ல இருக்கும், தீந்தா ஒரு விசிபியுக்கு மணிக்கு 5 சென்ட் எக்ஸ்ட்ரா போடுவான். பரிட்சை பாதில பசங்க மாட்டிக்கிறத விட அந்த காசு எவ்வளவோ மேல்.

டி2ல இருந்து டி3க்கு மாத்தினா உள்ள டெக்னாலஜியே வேற. முன்னாடி ஜென் ஹைப்பர்வைசர் (ஒரு மிஷின பல சர்வரா பிரிக்கிற சாஃப்ட்வேர்), 2017ல நைட்ரோன்னு கொண்டுவந்தாங்க, நெட்வொர்க் டிஸ்க் வேலையெல்லாம் தனி கார்டுக்குப் போயிடுச்சு, அதனால நாம காசு குடுக்குற சிபியு கிட்டத்தட்ட முழுசா நமக்கே கிடைக்குது. மாத்தும்போது டிஸ்க் பேரு எக்ஸ்விடிஏல இருந்து என்விஎம்இன்னு மாறிடும், எஃப்எஸ்டேப்ல (எந்த டிஸ்க் எங்க மவுன்ட் ஆகணும்னு சொல்ற ஃபைல்) பேர் போட்டிருந்தா பூட்ல சிக்கும், முன்னாடியே யுயுஐடி (பேர் மாறினாலும் மாறாத டிஸ்க் ஐடி) போட்டு வச்சுக்கோங்க. அடுத்து கிராவிடான், அமேசான் 2015ல வாங்கின அன்னபூர்ணா லேப்ஸ்ங்கற இஸ்ரேல் கம்பெனி டிசைன் பண்ற ஆர்ம் (போன்ல இருக்குற வகை) சிப். எங்க சைட் ஓடுற பிஎச்பி, டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல் ரெண்டும் அதுல ஒரு பிரச்சனையும் இல்லாம ஓடுது, விலையும் கம்மி, டெஸ்ட் சர்வர அதுக்கு மாத்திட்டோம்.

இப்ப மெயின் விஷயம், வீடியோ. ஒரு மணி நேர கிளாஸ் வீடியோ சுமாரா அரை ஜிபி வரும். மும்பைல எஸ்3 (ஏ.டபிள்யூ.எஸ்ல ஃபைல் வச்சுக்கிற சேவை) ஸ்டோரேஜ் ஒரு ஜிபிக்கு மாசம் 2.5 சென்ட், அந்த வீடியோவ மாசம் முழுக்க வச்சிருக்க ஒண்ணேகால் சென்ட்தான். அதையே ஆயிரம் பேர் டவுன்லோட் பண்ணா 500 ஜிபி வெளிய போகுது, மாசம் 100 ஜிபி ஃப்ரீ போக மிச்சம் 400 ஜிபி, ஜிபிக்கு 10.93 சென்ட், கிட்டத்தட்ட 44 டாலர். டி3.ஸ்மால் சர்வர் மாசம் பூரா ஓடினாலே 16 டாலர் பக்கம்தான் வரும். அதாவது ஒரே ஒரு வீடியோவ பசங்க பாக்குற காசு ரெண்டரை சர்வர் வாடகைக்கு மேல! இந்த வரிதான் யார் கண்ணுலயும் படாது, ஏன்னா டேட்டாவ உள்ள ஏத்துறதுக்கு ஒரு பைசா வாங்க மாட்டாங்க, வெளிய எடுக்கும்போதுதான் மீட்டர் ஓடும்.

இதுக்கு வழி இருக்கு. வீடியோவ நேரா எஸ்3ல இருந்து குடுக்காம முன்னாடி கிளவுட்ஃப்ரன்ட் (ஃபைல காப்பி வச்சு பாக்குறவங்களுக்குப் பக்கத்துல இருந்து குடுக்குற ஏ.டபிள்யூ.எஸ் சேவை) வைங்க, எஸ்3ல இருந்து அதுக்குப் போற டேட்டாவுக்குக் காசு இல்ல, 2021 டிசம்பர்ல இருந்து மாசம் 1 டிபி வரைக்கும் கிளவுட்ஃப்ரன்ட்ல இருந்து வெளிய போறதும் ஃப்ரீ. எங்கள மாதிரி சின்ன இடத்துக்கு இது ஒண்ணே பெரிய மிச்சம். அதே மாதிரி நாட் கேட்வே (உள்ள இருக்குற சர்வர் வெளிய இன்டர்நெட்டுக்குப் போற வழி). டுடோரியல் பாத்து நெட்வொர்க் போடுறவங்க நிறைய பேர் இத சேத்துடுவாங்க, சும்மா நின்னாலே மும்பைல மாசம் 40 டாலர் பக்கம், அதுவழியா போற ஒவ்வொரு ஜிபிக்கும் தனி காசு. பிரைவேட் சப்நெட்ல (வெளிய இருந்து நேரா எட்ட முடியாத உள் நெட்வொர்க்) இருந்து எஸ்3க்குப் போறதுக்கு மட்டும்னா கேட்வே எண்ட்பாயின்ட்னு ஒண்ணு இருக்கு, அது முழுசா ஃப்ரீ, அத போட்டாலே போதும். 2024 பிப்ரவரில இருந்து பப்ளிக் ஐபிவி4க்கும் (சர்வரோட இன்டர்நெட் அட்ரஸ்) மணிக்கு அரை சென்ட் வந்துடுச்சு, அது மாசம் மூணரை டாலர், யூஸ் பண்ணாத ஐபி இருந்தா திருப்பி விட்டுடுங்க.

இதெல்லாம் ஏன் இப்படி இருக்குன்னா பிசினஸ் அப்படி. 2006 மார்ச்ல எஸ்3 வந்தப்போ ஸ்டோரேஜ் ஜிபிக்கு 15 சென்ட், வெளிய எடுக்க 20 சென்ட். ஸ்டோரேஜ் இன்னைக்கு ஆறுல ஒரு பங்குக்கு வந்துடுச்சு, வெளிய எடுக்குற விலை பாதிக்குத்தான் இறங்கியிருக்கு. 2024ல ஏ.டபிள்யூ.எஸ் வருமானம் 107.6 பில்லியன் டாலர், செயல்பாட்டு லாபம் 39.8 பில்லியன், மொத்த அமேசானோட லாபத்துல பாதிக்கு மேல இதுல இருந்துதான். நல்ல சேவைக்கு லாபம் வரட்டும், அதுல எனக்கு ஒண்ணும் இல்ல, ஆனா நம்ம டேட்டாவ நாமளே எடுக்க இவ்வளவு விலை வைக்கிறது நியாயமே இல்லன்னுதான் இப்பவும் நினைக்கிறேன்.

நம்பகத்தன்மை பத்தி: எஸ்3க்கு பதினோரு 9 ட்யூரபிலிட்டின்னு (99.999999999%) சொல்றது டிஸ்க் கெட்டு ஃபைல் அழியாதுங்கறதுக்கு, எப்பவும் சைட் ஓடும்ங்கறதுக்கு இல்ல. 2017 பிப்ரவரி 28ல வெர்ஜீனியாவுல ஒரு கமாண்ட தப்பா டைப் பண்ணதுல எஸ்3 பல மணி நேரம் நின்னுச்சு, அவங்க ஸ்டேட்டஸ் பக்கமே எஸ்3ய நம்பி இருந்ததால அதையும் அப்டேட் பண்ண முடியல. நம்ம ஆளே டெலீட் பண்ணிட்டா அந்த பதினோரு 9 காப்பாத்தாது, வெர்ஷனிங் (பழைய காப்பியயும் வச்சிருக்குற வசதி) ஆன் பண்ணுங்க. எங்க மைஎஸ்க்யூஎல் டம்ப் (டேட்டாபேஸ் பேக்கப் ஃபைல்) ராத்திரி ராத்திரி வேற கம்பெனி ஸ்டோரேஜுக்கும் ஒரு காப்பி போகுது, அது சின்ன ஃபைல்தான், அனுப்புற செலவு தெரியவே தெரியாது.

அக்கவுன்ட் ஓப்பன் பண்ண உடனே பட்ஜெட் அலர்ட் போடுங்க, வெறும் அலர்ட் மட்டும் போட்டா தகவல்தான் வரும், சர்வர் தானா நிக்காது. பில்லுக்கு மேல 18% ஜிஎஸ்டி உண்டு, ஜிஎஸ்டி நம்பர் குடுத்திருந்தா கிரெடிட் எடுத்துக்கலாம்.

சர்வர் மும்பைலயே இருக்கட்டும்னு முடிவு பண்ணிட்டோம். வீடியோ மட்டும் 1 டிபிய தாண்டுற மாசம் வருது, அதனால வெளிய எடுக்க காசே வாங்காத கிளவுட்ஃப்ளேர் ஆர்2ல (எஸ்3 மாதிரியே வேற கம்பெனியோட ஸ்டோரேஜ்) புது பேட்ச் வீடியோவ ஏத்திப் பாக்குறோம். பழைய வீடியோ எஸ்3லயே இருக்கும், ஏன்னா 2024 மார்ச்ல இருந்து ஏ.டபிள்யூ.எஸ் குடுக்குற ஃப்ரீ எக்ரஸ் (டேட்டாவ காசில்லாம வெளிய எடுக்குற சலுகை), மொத்தமா காலி பண்ணிட்டுப் போறவங்களுக்குத்தான், அதுவும் சப்போர்ட்ல கேட்டு வாங்கணும்.