அவார் நகைத் தொகுப்பு: மாலைக்காக வாங்கலாம், காதணிக்காக வேண்டாம்

புல்வெளியிலிருந்து வந்து நடு ஐரோப்பாவை ஆண்ட நாடோடி மக்களான அவார்களின் காலத்து ஹங்கேரியக் கல்லறைகளில் கிடைத்த நகைகளைப் பார்த்துச் செய்தது என்று சொல்லி ஐரோப்பியப் பட்டறை ஒன்று இணையவழியில் விற்கும் தொகுப்பை வாங்கி, இரண்டு மாதங்களாக அணிந்து பார்த்துவிட்டேன். தங்க முலாம் பூசிய வெள்ளிக் காதணி ஒரு சோடி, கண்ணாடி மணிமாலை, கிரிஃபின் (கழுகுத் தலையும் சிங்க உடலும் இறக்கையும் கொண்ட கற்பனை விலங்கு) உருவமுள்ள வெண்கலப் பதக்கம் ஆகிய மூன்றும் அதில் உள்ளன.

காதணியின் வடிவத்தில் குறை சொல்ல முடியாது. வளையத்தின் அடியில் பெரிய குமிழ், இரண்டும் சேருமிடத்தில் பொடிமணிக் கொத்து என்று 7ஆம் நூற்றாண்டு மாதிரியை அப்படியே எடுத்திருக்கிறார்கள். கோளாறு வேலைப்பாட்டில்தான். மூல நகைகளில் ஒவ்வொரு மணியையும் தனித்தனியே உருட்டிப் பற்றவைத்திருப்பார்கள். மணிகளுக்கு இடையே நிழல் விழும். இங்கே கொத்து முழுவதும் ஒரே வார்ப்பு என்பதால், இடுக்குகளில் முலாம் தேங்கி, வெந்து ஒட்டிக்கொண்ட ஜவ்வரிசியைப் போலத் தெரிகிறது. மெல்லிய தகட்டில் உள்கூடாக இருக்க வேண்டிய குமிழும் கெட்டியாக இருப்பதால், ஒரு மணி நேரத்தில் காது வலிக்கத் தொடங்குகிறது.

உடன் வந்த விளக்க அட்டை, இதைப் புல்வெளி நாடோடிகளின் கலப்பற்ற கலை என்கிறது. உண்மையில் இந்தப் பொடிமணி வேலை பைசாந்திய, அதாவது கிழக்கு ரோமப் பேரரசின், பொற்கொல்லர்களின் கைவழக்கத்தோடு நெருங்கிய உறவுடையது. 568 வாக்கில் இன்றைய ஹங்கேரியைச் சுற்றியுள்ள கார்பாத்தியப் படுகையில் நிலைகொண்ட அவார்களுக்கு, 570களில் அந்தப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிள் ஆண்டுக்கு 80,000 பொற்காசுகள் செலுத்தியது, காசுக்கு 4.5 கிராம் என்று வைத்தால் அது ஏறத்தாழ 360 கிலோ தங்கம். பொன்னோடு தொழில் நுணுக்கமும் வந்து சேர்ந்தது என்பதற்கு, ஹங்கேரியின் குன்சென்ட்மார்ட்டோனில் அகழ்ந்தெடுத்த பொற்கொல்லர் கல்லறையில் அச்சுகளோடு கிடைத்த பைசாந்திய எடைக்கற்களே போதும். 626இல் அவார்கள் கான்ஸ்டான்டிநோபிளை முற்றுகையிட்டுத் தோற்ற பிறகுதான் இந்தப் பொன்வரத்து நின்றது. இவ்வளவு கதையுள்ள நகைக்குக் ‘கலப்பற்ற’ என்ற சொல்லா கிடைத்தது?

பதக்கம் நேர்த்தியாக இருக்கிறது. கிரிஃபினின் வளைந்த அலகும் இறக்கையின் வரிகளும் மழுங்காமல் விழுந்திருக்கின்றன; மூலமே வெண்கல வார்ப்பு என்பதால், வார்ப்பு மட்டுமே கைவந்த இந்தப் பட்டறைக்கு அது பொருந்திவிட்டது. ஆனால் அது 8ஆம் நூற்றாண்டு ஆண்களின் இடைக்கச்சையில் பதித்த துண்டு. பின்புறம் ஒரு கொக்கியை ஒட்டிப் பெண்ணின் கழுத்தில் தொங்கவிட்டு, நூறாண்டு மூத்த காதணியோடு சோடி சேர்த்திருப்பது வேடிக்கை.

மாலைதான் கொடுத்த காசுக்கு ஈடானது. பிற்கால அவார் பெண்களின் கல்லறைகளில் மிகுதியாகக் கிடைக்கும் முலாம்பழ விதை வடிவ மணிகளைக் கையாலேயே செய்திருக்கிறார்கள். ஒன்றைப் போல மற்றொன்று இல்லை, துளையின் ஓரமும் நூலை அறுக்கவில்லை.

அட்டையைத் திருத்துவதாகப் பட்டறையிலிருந்து பதில் வந்தது. காதணியைத் திரும்பப் பெற மறுத்துவிட்டார்கள். மாலையைத் தனியாக விற்றால் இன்னொன்று வாங்குவேன்.