ஆப் டாக்டரா, 104-ஆ, நம்ம ஊர் டாக்டரா?

சில மருத்துவக் கேள்விகள் அவசரமானவை கிடையாது, ஆனால் தூங்கவும் விடாது. ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா, இந்த மாத்திரையைத் தொடரலாமா, ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் இருக்கும் எண்ணுக்குப் பயப்பட வேண்டுமா என்பது போன்றவை. எங்கள் வீட்டுக்கு அப்படி வந்த கேள்வி, அம்மாவின் பித்தப்பைக் கல். சிறுநீர்த் தொற்றுக்காக எடுத்த வயிற்று ஸ்கேனில், யாரும் தேடாமலே 9 மில்லிமீட்டர் கல் ஒன்று தெரிந்தது. ஸ்கேன் எடுத்த தனியார் மருத்துவமனையில், "இந்த வாரமே லேப்ராஸ்கோப்பில எடுத்துடலாம், இன்சூரன்ஸ் இருக்கா?" என்று ஒரே மூச்சில் கேட்டார்கள். அம்மாவுக்கு அறுபதுக்கு மேல் ஆகிறது, சர்க்கரையும் உண்டு. சரி என்று சொல்ல மனசு வரவில்லை, வேண்டாம் என்று சொல்லத் தைரியமும் இல்லை.

கோவில்பட்டி மாதிரி ஊரில் இருக்கிற எங்களுக்கு நான்கு வழிகள் இருந்தன: அரசின் இலவச ஆலோசனை (104 அல்லது இ-சஞ்சீவனி), காசு கட்டிப் பேசும் ஆப், தெருமுனை டாக்டர், திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ போய் இன்னொரு சர்ஜனைப் பார்ப்பது. நாலையும் தொட்டுப் பார்த்தாயிற்று. என் ஓட்டு தெருமுனை டாக்டருக்கே. ஏன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

செலவும் நேரமும் எல்லாருக்கும் தெரிந்த கதை. அரசு வழிகள் இலவசம், ஆப்புக்குச் சில நூறு ரூபாய், ஊர் டாக்டருக்கு அதைவிடக் குறைவு, வெளியூர் சர்ஜன் என்றால் பஸ்சும் ஒரு நாள் சம்பளமும் சேரும். அலைச்சல் இல்லாதது ஆப்தான், அதில் சந்தேகமே இல்லை.

104 எண்ணைத் தமிழ்நாட்டில் 2013 முதல் எந்நேரமும் கூப்பிடலாம். இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டுமா, காலை வரை பொறுக்கலாமா, எந்தத் துறைக்குப் போக வேண்டும் என்ற அளவிலான கேள்விகளுக்கு அது நல்ல வழி. இ-சஞ்சீவனி மத்திய அரசின் திட்டம், மொகாலியில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. கொரோனா ஊரடங்கின்போது, 2020 ஏப்ரலில், வீட்டிலிருந்தே பேசும் வசதி அதில் வந்தது. மொபைல் எண்ணைக் கொடுத்து, ஓடிபி போட்டு, டோக்கன் எடுத்துக் காத்திருந்தால் வீடியோவில் ஒரு மருத்துவர் வருவார். மருந்துச் சீட்டும் போனுக்கே வந்துவிடும். சளி, காய்ச்சல், தோல் அரிப்பு, தீர்ந்துபோன பிரஷர் மாத்திரை என்றால் தாராளமாகப் போகலாம். "ஆபரேஷன் வேண்டுமா" மாதிரியான கேள்விக்கு, வரிசையில் அடுத்து வரும் எந்த மருத்துவரும் "நேரில் காட்டுங்கள்" என்றுதான் சொல்வார். அப்படிச் சொல்வதுதான் பொறுப்பும்கூட.

ஆப்பில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பேசியவர் பெரிய படிப்புப் படித்த சர்ஜன், நிதானமானவர், ரிப்போர்ட்டை முழுதாகப் படித்துவிட்டே வந்தார். அறிகுறி இல்லாத பித்தப்பைக் கல்லைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடலாம், வலி வந்திருந்தால் எடுப்பதே நல்லது என்று தெளிவாக விளக்கினார். பிறகு, "அம்மா, வயிற்று வலி உண்டா?" என்று கேட்டார். அம்மா, "உண்டு, சாப்பிட்டா வலிக்கும்" என்றார். முடிந்தது. அறிகுறி இருக்கிறது, ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள். அவர் மேல் குற்றம் சொல்ல எதுவுமில்லை. அவர் முன்னால் இருந்தது ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டும் ஒரு "உண்டு"வும் மட்டும்தான்.

அன்று சாயங்காலமே தெருமுனை டாக்டரிடம் போனோம். எம்.பி.பி.எஸ். மட்டும்தான், அறுபது வாட் பல்பு காலத்து கிளினிக். கம்பவுண்டர் அலமாரியிலிருந்து அம்மாவின் பழுப்பு அட்டையை உருவித் தந்தார். டாக்டர் ஸ்கேனை ஓரமாக வைத்துவிட்டு அம்மாவிடம் கேட்க ஆரம்பித்தார்.

"வலி எங்கம்மா? நடுவுலயா, வலது விலாவுக்குக் கீழயா?"

"வயிறு பூராத்தான் டாக்டர்."

"வந்தா எம்புட்டு நேரம் நிக்கும்? முதுகுக்கோ தோள்பட்டைக்கோ ஏறுதா? ராத்திரி எந்திரிச்சு உக்கார வைக்குதா?"

"சேச்சே, அப்படியெல்லாம் இல்ல. உப்பிக்கிட்டு வரும். ரெண்டு ஏப்பம் விட்டா சரியாப் போகும்."

அவர் அட்டையைத் திருப்பினார். தீபாவளிக்கு அப்புறம் சர்க்கரை ஏறியதால், அம்மா போடும் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை 500 மில்லிகிராமிலிருந்து 1000-ஆக அவரே கூட்டியிருந்தார். அடுத்த வருகையில் அவர் கையெழுத்திலேயே "வயிறு உப்புசம்" என்று இருந்தது. "இது கல்லு பண்ற வேலை இல்லம்மா. நான் குடுத்த மாத்திரை பண்ற வேலை" என்றார்.

இங்கேதான் எனக்கு முடிவு ஆனது. பித்தப்பை வலி பெரும்பாலும் மேல் வயிற்றிலோ வலது விலாவுக்கு அடியிலோ பிடித்து, அரை மணி நேரமாவது நிற்கும், சில மணி நேரம்கூட நீளும், முதுகுக்கோ வலது தோளுக்கோ பரவும். மெட்ஃபார்மினோ உப்புசம், வயிற்றுப்போக்கு, குமட்டல் கொடுப்பதில் பேர்போனது. இரண்டையும் ஆப் டாக்டரும் பாடத்தில் படித்திருப்பார். மாத்திரை கூடியது எப்போது, உப்புசம் தொடங்கியது எப்போது என்பது மட்டும் அந்தப் பழுப்பு அட்டையில்தான் இருந்தது. அதை அம்மா மறந்துவிட்டார், நான் கவனித்ததே இல்லை. மெதுவாகக் கரையும் வகை மாத்திரைக்கு மாற்றி, ராத்திரி சாப்பாட்டோடு போடச் சொன்னார். உப்புசம் பெருமளவு குறைந்துவிட்டது. கல் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

ஆகவே என் கணக்கில், யார் அதிகம் படித்தவர் என்பது இரண்டாவது கேள்வி. உங்கள் பழைய கதை யாரிடம் இருக்கிறது, அவரிடமே திரும்பிப் போய் அடுத்த கேள்வியைக் கேட்க முடியுமா என்பது முதல் கேள்வி. மருத்துவத்தில் ஒரு பதில் வந்தால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கேள்வி வரும். மாத்திரையை மாற்றினால் சர்க்கரை ஏறாதா? கல் நகர்ந்தால் எப்படித் தெரியும்? நாங்கள் போன ஆப்பில் சில நாட்கள் வரை எழுதிக் கேட்கலாம், அதற்குமேல் புதுக் கட்டணம், பெரும்பாலும் புது முகம். மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும், அம்மா மறுபடி "உண்டு" என்பார்.

சட்டமும் இந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்கிறது. 2020 மார்ச் 25-இல் வந்த தொலைமருத்துவ நெறிமுறையின்படி, ஒரு மருத்துவர் நேரில் பார்த்த நோயாளி அதே பிரச்சினைக்கு 6 மாதத்துக்குள் போனில் வந்தால் அது தொடர் ஆலோசனை. முதல் முறை போனில் வருபவருக்கு எழுதக்கூடாத சில மருந்துகளைத் தொடர் நோயாளிக்கு எழுதலாம். போன், வீடியோ, வாட்ஸ்அப் எல்லாமே இதில் அடக்கம். ஆக, முதலில் நேரில் பார்த்துவிட்டு அப்புறம் அதே டாக்டரிடம் போனில் கேட்பது என்ற கலவை நன்றாகவே ஓடும். எங்கள் டாக்டர் வாட்ஸ்அப்பில் ஒரு வரிக்கு மேல் எழுதமாட்டார், அது வேறு விஷயம்.

அவரோடு மட்டும் நிற்கவும் இல்லை. அவரே ஒரு கடிதம் கொடுத்துப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார். அங்கே சர்ஜன் வலது விலாவுக்கு அடியில் அழுத்தி, மூச்சை இழுக்கச் சொல்லிப் பார்த்தார். பித்தப்பைச் சுவர் தடிக்கவில்லை, பித்தக்குழாய் விரியவில்லை, கல்லீரல் ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது, வலி வந்தால் வாருங்கள் என்றார். கடிதத்தில் மாத்திரைக் கதை முழுதும் இருந்ததால் பேச்சு சீக்கிரம் முடிந்தது. இரண்டாவது கருத்து கேட்பதானால் இப்படி, ஊர் டாக்டரின் கடிதத்தோடு போய்க் கேட்பது தனி வசதி.

முதலில் ஆபரேஷன் சொன்னவர்களைக் காசுக்காகச் சொன்னார்கள் என்று நான் சொல்லமாட்டேன். சர்க்கரை உள்ளவர்களுக்குக் கல்லை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும் என்பது ஒரு காலத்து வழக்கம். இப்போது அறிகுறி இல்லாவிட்டால் பொதுவாகக் காத்திருக்கச் சொல்கிறார்கள். 3 சென்டிமீட்டரைத் தாண்டிய கல், பித்தப்பைச் சுவரில் சுண்ணாம்பு படிவது மாதிரி வலி இல்லாமலே எடுக்கச் சொல்லும் நிலைகளும் உண்டு. எனவே எங்கள் பதிலை உங்கள் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் அனுபவம் இந்த ஒரு ரகக் கேள்விக்குத்தான். புற்றுநோய், இதய அடைப்பு, குழந்தைகளின் அரிய நோய்கள் என்றால் துறை மருத்துவரிடமே நேராகப் போவேன் என்று நினைக்கிறேன், அந்த நிலை எனக்கு வந்ததில்லை. எல்லா ஊர் டாக்டரும் அட்டை வைத்திருப்பதும் இல்லை. "நீங்களே சீட்டை வச்சுக்கோங்க" என்பவர்களே அதிகம். அப்படியானால் அந்த அட்டை நீங்கள்தான். தேதி போட்ட சீட்டுகள், மாத்திரை மாறிய மாதம், ரிப்போர்ட்டுகள் எல்லாம் ஒரே ஃபைலில் இருந்தால் ஆப் டாக்டர்கூட இன்னும் நல்ல பதில் சொல்வார். ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெற்றிருந்தால் ஆவணங்களைக் கேட்டு வாங்குங்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகள், உள்நோயாளி ஆவணங்களை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன.

ஏஐ-யிடமும் கேட்டேன். ரிப்போர்ட்டில் இருந்த "கொலிலித்தியாசிஸ்" என்றால் வெறும் பித்தப்பைக் கல்தான் என்று புரிந்துகொள்ளவும், டாக்டரிடம் கேட்க வேண்டியதை எழுதிக்கொள்ளவும் உதவியது. மருந்து விஷயத்தில் அதைக் கேட்டு எதையும் மாற்றவில்லை.

கல்லை வயிற்றில் வைத்துக்கொண்டு காத்திருப்பவர்களுக்கு எங்கள் டாக்டர் அட்டையின் கீழே எழுதித் தந்ததையும் சொல்லிவிடுகிறேன். குளிர்காய்ச்சலோடு வலி, கண்ணில் மஞ்சள், சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போவது, சில மணி நேரமாகியும் விடாத வலி, வாந்தி - இதில் எது வந்தாலும் ஆப்பும் வேண்டாம், அவருடைய கிளினிக்கும் வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு நேராகப் பெரிய ஆஸ்பத்திரி.