சிங்கப்பூர்ப் புழுக்கத்துக்கு எந்தப் பசுமைச் சட்டை?

ஆர்கானிக் பருத்தி, மறுசுழற்சிப் பருத்தி, பிளாஸ்டிக் போத்தலிலிருந்து எடுத்த மறுசுழற்சி பாலியெஸ்டர் என மூன்று வகை டி-ஷர்ட்டுகள் கடையில் ஒரே அலமாரியில், ஒரே பச்சை இலைப் படத்தோடு அடுக்கியிருக்கும். உடம்பில் போட்டால் மூன்றும் மூன்று விதம். அன்றாடம் உடுத்த முதல் வகையை வாங்குங்கள். மற்ற இரண்டும் குறிப்பிட்ட வேலைகளுக்கு மட்டுமே சரிப்படும்.

ஆர்கானிக் பருத்தி என்றால் மெத்தென்று இருக்கும் என்ற எண்ணம் தவறு. நூலாகிவிட்ட பிறகு அதையும் சாதாரணப் பருத்தியையும் கையால் தொட்டுப் பிரித்தறிய முடியாது. மென்மை வருவது கோம்டு நூலாலும் (குட்டை இழைகளைச் சீவி நீக்கியது), என்சைம் கொண்டு செய்யும் பயோ வாஷாலும்தான். ஆகவே தடவிப் பார்ப்பதை விட எடையைக் கேளுங்கள். இங்குள்ள வெப்பத்துக்கு 140 முதல் 160 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) பனியன் துணி போதும். 220 ஜிஎஸ்எம் சட்டை பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் டிசம்பர் மழையில் வீவக அடுக்குமாடி வீட்டின் பின்கட்டில் காயாமல் கிடந்து வாடை பிடிக்கும்.

அடுத்தது சுருக்கம். 70 செ.மீ. நீளச் சட்டை 5 விழுக்காடு சுருங்கினால் 3.5 செ.மீ. போய்விடும், கையைத் தூக்கினால் இடுப்பு தெரியும். தைப்பதற்கு முன்பே துணியை அழுத்திச் சுருக்கும் காம்பாக்டிங் வேலையைச் சரியாகச் செய்யாததே காரணம். துவைத்த பின் பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் திரும்பி வருவதும் உண்டு. நூலில் இருக்கும் முறுக்கு சிங்கிள் ஜெர்சி எனும் டி-ஷர்ட் பின்னல் துணியையும் இழுத்துத் திருகுவதால் வரும் கோளாறு அது. கடையிலேயே சட்டையை இரண்டு தோள்களிலும் பிடித்துத் தொங்கவிட்டுப் பாருங்கள். புதிதாக இருக்கும்போதே தையல் சாய்ந்திருந்தால் துவைத்த பிறகு இன்னும் மோசமாகும்.

முத்திரைதான் இதில் முக்கியம். ஆர்கானிக் துணிக்கான உலகத் தரச் சான்றான ஜிஓடிஎஸ் முத்திரையில் இரண்டு தரம் உண்டு. வெறும் 'ஆர்கானிக்' என்றிருந்தால் குறைந்தது 95 விழுக்காடு ஆர்கானிக் இழை. 'ஆர்கானிக் கொண்டு செய்தது' என்றால் குறைந்தது 70. முத்திரைக்குக் கீழே சான்றளித்த நிறுவனத்தின் பெயரும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை ஜிஓடிஎஸ் இணையப் பட்டியலில் தேடிப் பாருங்கள். இது வீண் சந்தேகமில்லை: 2020இல் இந்தியாவில் 20,000 டன் பருத்தி போலிச் சான்றோடு புழங்கியதை ஜிஓடிஎஸ் அமைப்பே கண்டுபிடித்து அறிவித்தது. ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 முத்திரை வேறு வகை. துணியில் தீங்கான ரசாயனம் தங்கியிருக்கிறதா என்று மட்டுமே அது சோதிக்கும். பருத்தி எப்படி விளைந்தது என்று அது சொல்லாது.

துணியில் ஆர்கானிக் இழை எவ்வளவு என்று சான்றளிக்கும் ஓசிஎஸ் முத்திரையும் அந்த அளவோடு நின்றுவிடுகிறது. ஜிஓடிஎஸ் சாயப்பட்டறைக் கழிவுநீர் வரை போய்ப் பார்க்கிறது. திருப்பூரை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். சாயக்கழிவால் நொய்யல் ஆறு கெட்டு, 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் நூற்றுக்கணக்கான சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. வயலில் ரசாயனப் பூச்சிமருந்து தெளிக்காமல் விளைவித்த பருத்தியைக் கொண்டுபோய், ஆற்றைக் கெடுக்கும் பட்டறையில் முக்கியெடுத்தால் என்ன பயன்?

மறுசுழற்சிப் பருத்தியில் சிக்கல் இழையின் நீளம். பழைய துணியைக் கிழித்துப் பஞ்சாக்கும்போது இழை அறுந்து குட்டையாகிறது. அதனால் புதுப் பருத்தியோ பாலியெஸ்டரோ கலந்தே நூற்கிறார்கள். குட்டை இழை மேலே எழுந்து, அக்குளிலும் பை உரசும் தோளிலும் உருண்டை உருண்டையாகப் பிசிறு கட்டும். நல்லதும் உண்டு: பழைய துணிகளை நிறம்வாரியாகப் பிரித்து நூற்றால் மறுபடி சாயம் போடத் தேவையில்லை. கைப்பை, தடித்த ஸ்வெட்ஷர்ட்டுக்கு இது அருமையான துணி. குளிரூட்டிய அலுவலகத்தில் கைகொடுக்கும். மெல்லிய டி-ஷர்ட்டுக்கு வேண்டாம்.

மறுசுழற்சி பாலியெஸ்டர் ஓட்டத்துக்கும் விளையாட்டுக்கும் மட்டும். பருத்தி தன் எடையில் ஏறக்குறைய 8 விழுக்காடு ஈரத்தை உள்வாங்கும். பாலியெஸ்டர் ஒரு விழுக்காடுகூட வாங்காது. அதனால் சீக்கிரம் காயும். ஆனால் உடம்பு எண்ணெயை விடாமல் பிடித்துக்கொள்வதால் வியர்வை நாற்றம் தங்கும். துவைக்கும்போது நுண்ணிழை கழன்று நீரில் போவதும் புதிய பாலியெஸ்டரைப் போலவேதான். மறுசுழற்சிப் பொருளுக்கான ஜிஆர்எஸ் முத்திரை இருந்தால் குறைந்தது 50 விழுக்காடு மறுசுழற்சிப் பொருள் என்று அர்த்தம். மிச்சம் என்ன என்று உள் அட்டையில் பாருங்கள்.

குழந்தை உடைகளில் 'மூங்கில்' என்று விற்பது பெரும்பாலும் விஸ்கோஸ். மூங்கில் கூழைக் காஸ்டிக் சோடா, கார்பன் டைசல்ஃபைடு கொண்டு கரைத்து எடுப்பது. வழவழப்பாக இருக்கும், அவ்வளவே.

துவைக்க 30 டிகிரி, உள்பக்கம் வெளியே திருப்பி, திரவச் சோப்பு. துணி மென்மையூட்டி ஊற்றாதீர்கள். அது இழையின் மேல் படிந்து பருத்தியின் உறிஞ்சும் திறனைக் குறைக்கும். பருத்தியை டிரையரில் போடாமல், மூங்கில் கழியில் இடைவெளி விட்டுக் காயப்போட்டு மின்விசிறியை அந்தப் பக்கம் திருப்புங்கள்.

2022இல் சிங்கப்பூரில் சேர்ந்த துணி, தோல் கழிவில் 2 விழுக்காடே மறுசுழற்சிக்குப் போனது. மிச்சம் எரிக்கப்பட்டது, சாம்பல் செமாகாவ் நிரப்புநிலத்துக்கு. பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த துணியைப் பிரித்தெடுப்பது கடினம். கலப்பில்லாத பருத்தி என்றால், கிழிந்த பிறகும் அடுப்படித் துணியாக இன்னும் சில காலம் உழைக்கும்.