தினசரிக்குக் கைத்தறியா, 400 ரூபாய் பாலியஸ்டரா?

விலை: வீரவநல்லூர் கைத்தறிப் பருத்திச் சேலை 1,500 ரூபாய் என்று வைப்போம். 150 தடவை கட்டினால் தடவைக்கு 10 ரூபாய். 400 ரூபாய் பாலியஸ்டர் 25 தடவையில் நூல் இழுத்துப் பிசிறு உருண்டால் 16 ரூபாய்.

வெயில்: பருத்தி வியர்வையை உறிஞ்சும், பாலியஸ்டர் உடம்போடு ஒட்டும். சித்திரையில் பருத்திக்குப் போட்டியே கிடையாது.

பராமரிப்பு: பாலியஸ்டருக்கே வெற்றி, அலசி உதறினால் போதும். கைத்தறியை முதல் மூன்று தடவை தனியாகப் பச்சைத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்த வேண்டும். கெட்டிக் கஞ்சியோடு பீரோவில் மாதக்கணக்கில் கிடந்தால் மடிப்பில்தான் கிழியும். கஞ்சிக்குப் பூச்சியும் வரும். அவ்வப்போது மடிப்பை மாற்றுங்கள்.

வாங்கும்போது கைத்தறிதானா என்று அறிய, தறியில் துணியை விரித்துப் பிடித்த ஊசிகளின் கரையோரத் துளைகளையும் கைத்தறி முத்திரையையும் பாருங்கள். விசைத்தறிச் சேலைக்குக் கைத்தறி விலை கொடுத்தால் மேலே போட்ட கணக்கு கவிழும்.

தினமும் வேலைக்குக் கட்டுபவருக்குக் கைத்தறி. கோயில் கொடை விழாவுக்கு ஒருநாள் ஒரே நிறத்தில் கட்ட மலிவுச் சேலை போதும். மதினியிடம் இரவல் கிடைத்தால் அதுவும் வேண்டாம்.